மலர்ப் பள்ளத்தாக்குக்கு முதலில் போனவர்கள்

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத் போகும் சாலையோரம், அலகநந்தா ஆற்றங்கரையில் இருக்கிறது கோவிந்த்காட். கோடையில் இமயமலைப் பூக்களைப் பார்க்க வருகிறவர்கள் இங்கே இறங்கி ஆற்றைக் கடக்கிறார்கள். புல்னா கிராமம் வரை இப்போது சிறு சாலை போகிறது. அதற்கப்பால் பியூந்தர் கிராமத்தைத் தாண்டி லட்சுமண கங்கையின் ஓரமாகச் சுமார் 10 கிலோமீட்டர் ஏறினால், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் காங்கரியா வரும். இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குள் நடந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. ஜூன் முதல் அக்டோபர் வரைதான் வாயில் திறந்திருக்கும். இந்த வழியைப் பற்றி எழுதும் பயணக் கையேடுகள் பெரும்பாலும் அதன் வரலாற்றை 1931இல் தொடங்குகின்றன. அந்தத் தொடக்கம் தவறு. அந்தத் தவறு ஏட்டோடு நிற்கவும் இல்லை. அங்கே காலங்காலமாக வந்து தங்கியவர்களை அந்நியர்களாகப் பார்க்கும் மனநிலைக்கு அது துணைபோனது. பனி உருகியதும் மேலே ஏறி, ஓரிடத்தில் தங்கி, பனி விழுமுன் இறங்கிவிடும் இந்தக் கோடைப் பயணத்தை முதலில் வகுத்தவர்கள் ஆடுமாடு மேய்த்தவர்களும் சாமி கும்பிடப் போனவர்களும். இயற்கை ஆர்வலர்கள் அவர்கள் போட்ட தடத்தில் பின்னால் வந்தவர்கள்.

1931இன் கதை உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஜூனில் ஃபிராங்க் ஸ்மைத் தலைமையில், எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த் முதலியோர் அடங்கிய பிரிட்டிஷ் குழு 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தில் ஏறியது. மனிதர் அதுவரை உச்சி தொட்ட சிகரங்களில் அதுவே மிக உயரமானது. சிகரத்திலிருந்து இறங்கியவர்கள் நீதிப் பள்ளத்தாக்கின் பக்கமிருந்து பியூந்தர் கணவாயைக் கடந்தார்கள். மறுபுறம் இறங்கியபோது, மழைக்காலத் தொடக்கத்தில் பூத்துக் கிடந்த புஷ்பாவதி ஆற்றின் பள்ளத்தாக்கு அவர்கள் கண்ணில் பட்டது. ஸ்மைத் அதை மறக்கவில்லை. 1937இல் திரும்பி வந்து தங்கிச் செடிகளையும் விதைகளையும் சேகரித்தார். அடுத்த ஆண்டு அவருடைய நூல் வெளியானது. நூலின் தலைப்பே அந்த இடத்துக்குப் பெயராக நிலைத்தது. 1939இல் தாவரங்கள் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பாறையில் சறுக்கி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கிறது. இன்றும் பயணிகள் தவறாமல் போய்ப் பார்க்கும் இடம் அது. மலையேறிகள், நூல், கல்லறை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முழுமையான வரலாறு போலத் தோற்றம் தருகின்றன.

அந்த வரலாற்றில் விடுபட்டவர்களைப் பார்க்க, காமெட் குழு போன வழியையே கவனித்தால் போதும். அவர்கள் நீதிப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் சிகரத்தை அணுகினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் உள்ள ஊர்கள் போட்டியா மக்களுடையவை. அந்த ஊர்களில் கோடையில் மட்டுமே ஆள் இருக்கும். குளிர்காலத்தில் குடும்பங்கள் ஆடுமாடுகளோடு கீழேயுள்ள ஊர்களுக்கு இறங்கிவிடும். வெயில் வந்ததும் மேலேறி, உயரமான புல்வெளிகளில் மேய்த்து, கணவாய்களைக் கடந்து திபெத்தோடு வணிகம் செய்தார்கள். திபெத்தின் உப்பும் கம்பளியும் இங்கே வந்தன. இங்கிருந்து தானியம் அங்கே போனது. சுமையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தவை செம்மறிகளும் வெள்ளாடுகளும். 1962இல் நடந்த போர் எல்லையை மூடும் வரை இந்த வணிகம் நீடித்தது. எந்தச் சரிவில் எந்த மாதம் புல் தழைக்கும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பனிப்பாலம் எப்போது உடையும் என்பதெல்லாம் இப்படி வாழ்ந்தவர்களுக்கு அன்றாடப் பிழைப்பின் அறிவு. வெளியூர் மலையேறிகள் வருவதற்கு முன்பே அந்த மலைகளில் கோடைப் பயணத்துக்கு ஓர் ஒழுங்கும் கால அட்டவணையும் இருந்தன.

பியூந்தர் பள்ளத்தாக்கும் இதே ஒழுங்கில் இயங்கியது. அங்குள்ள மக்களுக்குக் குளிர்காலத்துக்குப் புல்னா, கோடைக்குப் பியூந்தர் என இரண்டு ஊர். அங்கிருந்து கால்நடைகள் படிப்படியாகக் காங்கரியாவுக்கும் அதன் மேலுள்ள புல்வெளிகளுக்கும் ஏறும். கார்வால் மலைகளில் புக்யால் என்று அழைக்கப்படும் இந்தப் புல்வெளிகளில், மேய்ப்பவர்கள் கல்லும் மரமும் கொண்டு கோடைக் குடில் போட்டுத் தங்குவது வழக்கம். மலர்ப் பள்ளத்தாக்கும் அத்தகைய ஒரு புக்யால்தான். பக்கத்துச் சரிவின் கதையும் இதையே சொல்கிறது. காங்கரியாவிலிருந்து பிரியும் இன்னொரு பாதை, 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள ஹேம்குண்ட் ஏரிக்குப் போகிறது. சீக்கியர்கள் அந்த ஏரியைக் குரு கோவிந்த் சிங்கின் முற்பிறவித் தவத்தோடு தொடர்புள்ள இடமாக அடையாளம் கண்டது 1930களில். அதற்கு முன்பே உள்ளூர் மக்கள் அதை லோக்பால் என்ற பெயரில், லட்சுமணனோடு தொடர்புபடுத்தி வழிபட்டு வந்தார்கள். ஒரே பத்தாண்டில் ஆங்கிலேய மலையேறிகளும் பஞ்சாபின் பக்தர்களும் இந்தப் பள்ளத்தாக்கைக் ‘கண்டடைந்தார்கள்’. இரு தரப்புமே வந்து சேர்ந்தது பியூந்தர் மக்களின் கோடை நிலத்துக்கு.

இங்கே ஒரு மறுப்பு எழும். மேய்ப்பவர்கள் அந்தப் பள்ளத்தாக்கைப் புல்லாகத்தான் பார்த்தார்கள். அதன் மலர்களைப் பார்த்து, பெயரிட்டு, உலகுக்குச் சொன்னவர் ஸ்மைத். அந்தப் புகழ் இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை என்பார்கள். இதில் பாதி சரி. உலகுக்குச் சொன்ன பெருமை ஸ்மைத்துடையதே. ஆனால் மற்ற பாதி சான்றுகளோடு ஒத்துப்போகவில்லை. பியூந்தர் மக்கள் பிரம்மகமலத்தை நந்தாதேவிக்கு உரிய பூவாகப் போற்றினார்கள். நந்தா அஷ்டமிக்கு மலைச்சரிவுகளிலிருந்து அதை எடுத்துவந்து படைத்தார்கள். ஆச்சரி எனப்படும் மலைத் தேவதைகள் உலவும் உயரங்களில் கூச்சலிடக் கூடாது, பளிச்சென்ற நிறத்தில் உடுத்திப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு கார்வால் மலை மக்களிடம் இருந்தது. பூவை அறியாதவர்களிடம் இத்தகைய வழக்கங்கள் உருவாக மாட்டா. இந்தக் கட்டுப்பாடுகளை அப்படியே நவீன இயற்கைப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றின் நோக்கம் வேறு. ஆனால் அந்த நிலத்தோடு அவர்களுக்கு இருந்த உறவு மேய்ச்சலோடு முடிந்துவிட்ட உறவும் அல்ல. தாவரவியலை மட்டும் அளவுகோலாகக் கொண்டாலும் கதை 1931இல் தொடங்குவதில்லை. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியும் விண்டர்பாட்டமும் 1840களின் இறுதியிலேயே குமாவோன், கார்வால் மலைகளில் விரிவாகத் தாவரங்கள் சேகரித்திருந்தார்கள்.

தொடக்கத்தை எங்கே வைக்கிறோம் என்பதன் விளைவு 1982இல் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் 87.5 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சல் முற்றாக நிறுத்தப்பட்டது. ஒரு தனியாளுக்கோ தோட்டத்துக்கோ சொந்தமான நிலத்தை அரசு எடுத்திருந்தால் உரிமை, ஈடு என்ற கேள்விகள் உடனே எழுந்திருக்கும். இங்கே எடுக்கப்பட்டது எழுத்தில் பதியாத ஒரு பருவகால உரிமை. ‘யாருமற்ற, புதிதாகக் கண்டறியப்பட்ட பள்ளத்தாக்கு’ என்ற சித்திரம் மக்கள் மனத்தில் இருந்தபோது, அதற்குள் வரும் ஆட்டுக்காரர் வெளியாளாகத் தெரிந்தார். முகாமிட வரும் பயணி அதன் இயல்பான விருந்தினராகத் தெரிந்தார். பூங்கா நந்தாதேவி தேசியப் பூங்காவோடு இணைந்து 2005இல் உலகப் பாரம்பரியக் களமானது. அந்தப் பெருமைக்குத் தகுதியான இடம்தான் அது. அங்கே 500க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. ஆனால் அந்தப் பெருமையின் விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் யார் என்பதும் அந்த இடத்தின் வரலாறுதான்.

மிக வலுவான மறுப்பு அறிவியலிலிருந்து வருகிறது. மேய்ச்சல் தொடர்ந்திருந்தால் அரிய செடிகள் மிதிபட்டும் தின்னப்பட்டும் அழிந்திருக்கும். மருந்து மூலிகைகள் தோண்டி விற்கப்பட்டிருக்கும். எனவே தடை நியாயமானது என்பது அந்த மறுப்பு. இதற்கு எதிராக ஒரு கருத்தை 1990களின் தொடக்கத்தில் சில தாவரவியலாளர்கள் முன்வைத்தார்கள். ஆடுகள் போனதால்தான் பாலிகோனம் என்ற ஆளுயரச் செடி கட்டுக்கடங்காமல் பரவிச் சிறு மலர்ச் செடிகளை நெருக்குகிறது என்றார்கள். பின்னர் இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விரிவாகக் கள ஆய்வு செய்து அந்தக் கருத்தை மறுத்தார்கள். அந்தச் செடி எங்கும் பரவவில்லை, பனிச்சரிவும் மண்சரிவும் குலைத்த நிலங்களிலும், முன்பு கால்நடைகள் அடைந்து எருவேறிய இடங்களிலுமே அது அடர்ந்திருக்கிறது, மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவருவது அதற்குத் தீர்வல்ல என்பது அவர்கள் வாதம். அவர்கள் காட்டிய சான்று வலுவானது. ஆடுகள்தான் பூக்களைக் காத்தன என்று நான் சொல்லப்போவதில்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. மேய்ச்சல் எல்லா இடத்திலும் நல்லதா என்பது சூழலியல் கேள்வி. மேய்த்தவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தது நியாயமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு எந்த விடை வந்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. அதோடு, அந்த ஆய்வே ஒரு வரலாற்று உண்மையையும் வெளிக்கொண்டுவருகிறது. ஆடு நின்ற இடம், குடில் இருந்த இடம் ஆகியவற்றின் தடயம் இன்றும் செடிகளின் அமைப்பில் தெரிகிறது. பாலிகோனத்தைப் பிடுங்க வனத்துறை ஆள் வைத்து வேலை செய்கிறது. இயற்கை தானே வளர்த்துக்கொண்ட, மனிதக் கை படாத தோட்டம் என்ற சித்திரம் இந்த நிலத்துக்குப் பொருந்தாது.

அதே மாவட்டத்தின் இன்னொரு பக்கம் இந்த வாதத்தை மேலும் உறுதிப்படுத்துகிறது. 1974இல் நீதிப் பள்ளத்தாக்கின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து நின்றார்கள். சிப்கோ இயக்கத்தின் புகழ்பெற்ற நிகழ்வு அது. எட்டு ஆண்டுகள் கழித்து நந்தாதேவிப் பகுதி தேசியப் பூங்காவாக மூடப்பட்டபோது, காட்டைக் காத்த அதே வட்டாரத்து ஊர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தையும், மலையேறும் குழுக்களுக்குச் சுமை தூக்கிக் கிடைத்த வருமானத்தையும் இழந்தன. மூடியதற்குக் காரணம் இருந்தது: வரிசையாக வந்த மலையேற்றக் குழுக்கள் குப்பையையும் சேதத்தையும் விட்டுப்போயிருந்தன. ஆனால் தண்டனை ஊர்க்காரர்களுக்கும் சேர்த்தே விழுந்தது. 1998இல் லாதா கிராமத்தார் தங்கள் உரிமையைக் கோரித் தடையை மீறி அந்தப் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். 2001இல் அந்தப் பகுதி மக்கள், சுற்றுலா உள்ளூர்ச் சமூகங்களின் கையில் நடக்க வேண்டும் என்று ஒரு பிரகடனமும் வெளியிட்டார்கள். காட்டுக்கு எதிரிகள் என்று கருதப்பட்டவர்கள் அதன் காவலர்களாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மேய்ச்சல் நின்ற பிறகு பள்ளத்தாக்கின் மேல் இருந்த சுமை குறைந்ததா என்று கேட்டால், பூங்காவுக்குள் குறைந்தது, வழியில் கூடியது. மலர்களைப் பார்க்க வருகிறவர்களைவிடப் பல மடங்கு அதிகமானோர் ஹேம்குண்ட் யாத்திரைக்கு வருகிறார்கள். இருவருக்கும் காங்கரியாதான் தங்கல். அங்கே விடுதி, குருத்வாரா, கடைகள், கோவேறு கழுதைகள், பிளாஸ்டிக் குப்பை எல்லாம் சேர்ந்தன. மேய்ச்சலை இழந்த குடும்பங்கள் கடை வைத்தன, கழுதை ஓட்டின, பயணிகளையும் மூட்டைகளையும் கூடையில் சுமந்தன. பியூந்தர் மக்களின் சூழல் மேம்பாட்டுக் குழு பாதையில் குப்பை அள்ளும் பொறுப்பை ஏற்றது. பிழைப்பு மாறினாலும் காலக்கணக்கு மாறவில்லை. கோடையில் மேலே, குளிரில் கீழே என்பதே இன்றும் நடைமுறை. 2013 ஜூன் வெள்ளம் கோவிந்த்காட்டின் பாலத்தையும் பாதையையும் அடித்துச் சென்றது. பியூந்தர் கிராமமே பெரும் அழிவைச் சந்தித்தது. பழைய ஊரே அழிந்தபின் பழைய அறிவைப் பற்றிப் பேசுவதில் என்ன பயன் என்று கேட்கலாம். பழைய அறிவு எல்லா வெள்ளத்திலிருந்தும் காக்கும் என்பது மிகை. ஆனால் உடைந்த பாதையை மீண்டும் திறந்து வைத்திருப்பதும், ஆபத்தின்போது பயணியை வழிநடத்துவதும் அங்கே வேர்கொண்ட மக்களால்தான் ஆகிறது. அவர்கள் அங்கிருந்து பெயர்ந்துவிட்டால் இயற்கை ஆர்வலருக்கும் தங்கல் இருக்காது.

எனவே இந்த வரலாற்றைத் திருத்தி எழுதுவது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. 2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், மேய்ச்சல் சமூகங்கள் பருவந்தோறும் காட்டைப் பயன்படுத்தும் உரிமையைச் சட்டத்தின் மொழியிலேயே ஏற்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தும். அந்த உரிமையைக் கோர, ‘நாங்கள் முன்பே இங்கே இருந்தோம்’ என்று காட்ட வேண்டும். வரலாறு 1931இல் தொடங்கும் வரை அப்படிக் காட்டுவது கடினம். உரிமையை ஏற்பதால் நாளைக்கே ஆடுகள் பிரம்மகமலத்தின் நடுவே மேய வேண்டும் என்று பொருளில்லை. எங்கே மேய்க்கலாம், எங்கே கூடாது, எத்தனை பயணிகள் வரலாம், நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு ஊருக்கு என்ற முடிவுகளில் புல்னாவுக்கும் பியூந்தருக்கும் சம உரிமையுள்ள இடம் வேண்டும் என்றுதான் பொருள். ஸ்மைத்துக்கும் லெக் அம்மையாருக்கும் உரிய மரியாதை அதனால் குறையாது. மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிற ஒவ்வொருவரும் இன்னொரு சமூகத்தின் கோடை நிலத்துக்கு விருந்தாளியாகப் போகிறார்கள். பூங்காவின் விதிகளும் பயணக் கையேடுகளும் அந்த உண்மையிலிருந்து தொடங்க வேண்டும்.