பழிக்க வந்த முத்திரை, பாராட்டாக மாறிய கதை



பேரங்காடியில் ஒரு கத்தி வாங்குகிறோம். விலையைப் பார்த்த கையோடு, எந்த நாட்டில் செய்தது என்று திருப்பிப் பார்க்கிறோம். 'புவாத்தான் மலேசியா' என்றிருந்தால் நம்மில் சிலர் முகம் சுளிப்போம். 'மேட் இன் ஜெர்மனி' என்றிருந்தால் அதே முகம் மலரும். விலை இரண்டு மடங்கு என்றாலும் அது கூடைக்குள் போய்விடும்.

ஆனால் ஒன்று தெரியுமா? அந்த ஜெர்மன் முத்திரை, ஜெர்மானியர்கள் பெருமைக்காகக் குத்திக்கொண்டதல்ல. அவர்களுடைய பொருளைக் காட்டிக்கொடுக்க, பிரிட்டன் சட்டம் போட்டுக் குத்த வைத்த முத்திரை அது!

ஷெபீல்டு நகரத்தின் புகார்

இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரம் கத்தி, கத்தரிக்கோல், சவரக் கத்தி ஆகியவற்றுக்குப் பேர்போனது. அங்கே கத்தி செய்வோருக்கு 1624ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு சங்கம் அமைந்துவிட்டது. ஜெர்மனியில் சோலிங்கன் நகரமும் பல நூற்றாண்டுகளாக அதே தொழிலைச் செய்துவந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் உற்பத்தியாளர்கள் சிலர் ஒரு குறுக்குவழியைப் பிடித்தார்கள். மலிவான வார்ப்பிரும்பில் கத்தி செய்து, அதன்மேல் 'ஷெபீல்டு' என்று பெயர் பொறித்து விற்றார்கள். கடையில் பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. வீட்டில் நறுக்கும்போதுதான் தெரியும். கெட்ட பெயர் யாருக்கு? ஷெபீல்டு தொழிலாளிக்கு!

ஜெர்மன் பொருள்களின் தரத்தை ஜெர்மானியரே அப்போது குறைசொன்னார்கள். 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் சென்றவர் பொறியியல் பேராசிரியர் ஃபிரான்ட்ஸ் ரொய்லோ. நம் நாட்டுப் பொருள்கள் மலிவானவை, மட்டமானவை என்று அங்கிருந்து அவர் எழுதினார். சொந்த நாட்டில் பெரும் சலசலப்பு எழுந்தது.

1887ஆம் ஆண்டுச் சட்டம்

ஷெபீல்டின் புகார் நாடாளுமன்றத்தை எட்டியது. 1887 ஆகஸ்ட் 23ஆம் தேதி பிரிட்டன் வணிகப் பொருள் முத்திரைச் சட்டத்தை நிறைவேற்றியது. எல்லா அந்நியப் பொருளிலும் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பிரிட்டிஷ் உற்பத்தியாளரின் அல்லது வணிகரின் பெயரையோ சின்னத்தையோ தாங்கி வரும் அந்நியப் பொருளில், அது உண்மையில் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்றது. இல்லையென்றால் சுங்கத்தில் தடுத்து நிறுத்தலாம்.

இந்தியாவில் 1889இல் இதே வகைச் சட்டம் வந்தது. 1890இல் அமெரிக்காவும் தன் வரிச் சட்டத்தில் இறக்குமதிப் பொருள்களுக்கு நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது.

போட்ட கணக்கு என்ன, நடந்தது என்ன?

ஜெர்மனியின் பெயரைப் பார்த்தால் மக்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பது பிரிட்டனின் கணக்கு. ஆனால் அதற்குள் ஜெர்மானியர்கள் தங்கள் தரத்தை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். வாங்கிய பொருள் நன்றாக உழைத்தது. திருப்பிப் பார்த்தால் 'மேட் இன் ஜெர்மனி'! எச்சரிக்கையாகப் போட்ட முத்திரை இலவச விளம்பரமாகிவிட்டது. லண்டன் வணிகரிடம் வாங்கிவந்த வெளிநாட்டுக் கடைக்காரர்கள், இடையில் அவர் எதற்கு என்று நேராக ஜெர்மனிக்கே எழுதிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற புகாரும் எழுந்தது.

1896இல் எர்னஸ்ட் எட்வின் வில்லியம்ஸ் என்பவர் 'மேட் இன் ஜெர்மனி' என்ற தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். பிள்ளைகளின் பொம்மை முதல் கூடத்திலுள்ள பியானோ வரை, வீடு முழுக்க ஜெர்மன் பொருள்கள் நிறைந்துவிட்டதை அவர் பிரிட்டிஷ் மக்களுக்குச் சுட்டிக்காட்டினார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிறர் பெயரைத் திருடியதாகப் பழி சுமந்த சோலிங்கன், 1938இல் தன் பெயரைக் காக்கத் தனிச் சட்டம் பெற்றது. முக்கிய வேலைகள் அந்த வட்டாரத்திலேயே முடிந்தால்தான் கத்தியில் சோலிங்கன் என்று பொறிக்கலாம். தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சம்பாதித்த பெயரல்லவா?

நூறாண்டு கழித்து ஒரு தீர்ப்பு

1981இல் பிரிட்டன் மீண்டும் ஓர் ஆணை பிறப்பித்தது. துணி, காலணி, வீட்டு மின்சாதனம், கத்தி வகைகள் ஆகியவற்றைச் சில்லறைக் கடையில் விற்கும்போது, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று காட்ட வேண்டும் என்றது. 1985இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. அந்நியப் பொருள்மீது மக்களுக்குள்ள தப்பெண்ணத்துக்கு இது தீனி போடும். தங்கள் நாட்டின் பெயரால் பொருளுக்கு மதிப்புக் கூடும் என்றால் உற்பத்தியாளர்களே அதைப் போட்டுக்கொள்வார்கள், கட்டாயம் எதற்கு என்பது நீதிமன்றத்தின் கருத்து.

அதே 1985ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகள், இறக்குமதி உணவில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்கின்றன. உற்பத்தியான இடத்தைப் பொய்யாகக் காட்டுவது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். வாயில் போடுவது எங்கிருந்து வந்தது என்று அறிவது பயனீட்டாளரின் உரிமை. அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் நேயர்களே, சட்டத்தால் ஊரின் பெயரை எழுத வைக்க முடியும். அந்தப் பெயருக்கு மதிப்பைத் தேடித்தர முடியாது. அது பட்டறையில் நிற்பவரின் கையில் இருக்கிறது. 'மலிவு, மட்டம்' என்று சொந்த மக்களே இகழ்ந்த ஒரு நாடு அந்தச் சொல்லைத் துடைத்தெறிந்தது. அடுத்த முறை 'புவாத்தான் மலேசியா' என்பதைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன், அந்தப் பொருளை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் செய்தவரிடமே சொல்லுங்கள். ரொய்லோ செய்தது அதைத்தான்.