வள்ளி யார் வயிற்றில் பிறந்தாள்?
மலைக்காதல் தமிழ் சினிமாவுக்குப் புதுசில்லை. 1933லேயே 'வள்ளி திருமணம்' பேசும்படம் வந்துவிட்டது. கல்கத்தாவில் எடுத்தார்கள், வள்ளியாக டி.பி. ராஜலட்சுமி. தயாரித்த சாமிக்கண்ணு வின்சென்ட், காட்டூரை ஒட்டிய நம்ம திருச்சியில் ரயில்வே வேலை பார்த்தவர். 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரம் போட்டுக் காட்டியவர்.

கதை தெரிந்ததுதான். தினைப்புனம், பரண், கிளி ஓட்டும் குறப்பெண், கிழவன் வேஷத்தில் முருகன். யானையை ஏவிப் பயமுறுத்தி அணைத்துக்கொண்டதையும் காதல் கணக்கில் எழுதிவிட்டார்கள், போகட்டும். கந்தபுராணம் முன்கூட்டியே செய்துவைத்த வேலையைத்தான் பார்க்க வேண்டும். வள்ளி குறத்தி வயிற்றில் பிறக்கவில்லையாம். முனிவர் பார்வை பட்டு மான் ஈன்றதாம், வள்ளிக்கிழங்குக் குழியில் கிடந்ததாம். முற்பிறப்பில் திருமாலின் மகளாம். நம்பிராசன் எடுத்து வளர்த்தவன், அவ்வளவுதான். சாமி தொட வேண்டுமென்றால் பெண்ணின் பிறப்பையே திருத்த வேண்டியிருக்கிறது!

ஆனால் குறத்தி ஆட்டம் மட்டும் வேண்டும். 1931இல் 'காளிதாஸ்' வந்தபோது, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் அதைச் சேர்த்துக் காட்டினார்கள்.