ஃபோன் முந்திச்சு, சிக்னல் பிந்திச்சு

தம்பி காலேஜ் சேர்றான். "அக்கா, மூவாயிரம் கூடப் போட்டு 5ஜி ஃபோனே வாங்கிடட்டுமா?"ன்னு கேட்டான். எனக்கு 2020 ஞாபகம் வந்துச்சு.

அந்த வருஷம் பிப்ரவரியிலேயே இந்தியாவுல 5ஜி ஃபோன் விற்பனைக்கு வந்துடுச்சு. ஒரு வருஷம் சேர்த்த காசுல நானும் ஒண்ணு வாங்கினேன். ஆனா அலைக்கற்றை ஏலம் நடந்ததே 2022 ஜூலைக் கடைசியிலதான். சேவை தொடங்கினது அக்டோபர் 1. அதுக்குள்ள என் ஃபோனோட பேட்டரி செத்துப்போச்சு. 5ஜின்னு ஒரு தடவைகூட அதுல காட்டினதில்ல.

இது புதுக்கதை இல்ல. 2012 ஏப்ரல்ல கொல்கத்தாவில் ஏர்டெல் 4ஜி தொடங்கினப்போ, அது ஓடினது 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதே வருஷம் வந்த ஐஃபோன் 5-ல் 4ஜி உண்டு. அந்த அலைவரிசை மட்டும் கிடையாது!

நேர்மாறாவும் நடந்திருக்கு. 2016 செப்டம்பர்ல வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி நெட்வொர்க்கே இல்ல. அப்பதான் 3ஜி ஃபோன் வாங்கினவங்க வெளியிலேயே நின்னாங்க.

முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம். அதனால தம்பிகிட்ட ரெண்டே கேள்விதான் கேட்டேன். ஹாஸ்டல் அறைக்குள்ள இன்னைக்கு 5ஜி எடுக்குதா? உன் சிம் கம்பெனி பயன்படுத்துற அலைவரிசை அந்த ஃபோன்ல இருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா தாராளமா வாங்கு. இல்லைன்னா, அந்த மூவாயிரத்துக்கு நல்ல பேட்டரி, கூடுதல் மெமரி இருக்கிற 4ஜி ஃபோனா பாரு.

இப்போ அவன் ஹாஸ்டல் சீனியர் ஒருத்தரோட ஃபோனை வாங்கிட்டு, அறைக்குள்ள மூலை மூலையா சிக்னல் பார்த்துட்டு இருக்கான்.