காவலும் நடுவாண்மையும்: தாம்பரப் பகுதியின் சட்ட வரலாறு

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையைக் கடந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எனத் தொடரும் ஊர்கள் இன்று ஒரே நகரம் போலத் தோன்றுகின்றன. ஆயினும் காவற் சட்டத்தின் வரலாற்றில் அவை நெடுங்காலம் நகரத்திற்குப் புறம்பாகவே நின்றன. 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை நகரக் காவல் ஓர் ஆணையரின்கீழ் அமைந்தது. 1888-இல் அந்நகர்க்கெனத் தனிக் காவற் சட்டம் தோன்றிற்று. தாம்பரமோ செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்து, 1859-ஆம் ஆண்டு மாவட்டக் காவற் சட்டத்தின் ஆட்சியில் ஒரு நூற்றாண்டிற்கு மேல் இருந்தது. 1931-இல் மின்தொடர்வண்டி வந்த பின்னரும், 1937-இல் கிறித்தவக் கல்லூரி அங்குக் குடிபுகுந்த பின்னரும் இந்நிலை மாறிற்றில்லை. இவ்வேறுபாட்டை வெறும் எல்லை வேறுபாடு என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒருவனைப் பிடிக்கும் கையும், அவனைப் பிணைக்கும் ஆணையில் ஒப்பமிடும் கையும் ஒன்றாதல் தகுமா என்னும் வினா அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சோழர், பாண்டியர் கல்வெட்டுக்களில் வரும் 'பாடிகாவல்' என்பது ஊரைக் காத்தற்பொருட்டு வாங்கப்பெற்ற வரி என்பதை அறிஞர் அறிவர். பிற்காலத்தே அக்காவலுரிமை பாளையக்காரரிடம் சென்றது. 1763-இல் நவாபு கும்பினியார்க்கு அளித்த ஜாகீர் நிலமே பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டமாயிற்று. அதனை 1794 முதல் 1798 வரை ஆண்ட கலெக்டர் லயனல் பிளேசு எழுதிய நீண்ட அறிக்கை அப்பகுதியின் பழைய நிலையை ஆராய்வார்க்கு இன்றியமையாதது. காவற்றேட்டம் பெற்றவர் களவுபோன பொருளுக்கு ஈடு செய்தல் வேண்டும் என்பது பழைய காவல் முறையின் அடிப்படை. அம்முறையில் அதிகாரத்தின் எல்லை தெளிவற்றது. கடமையோ மிகத் தெளிவானது. பின்வந்த சட்டங்கள் அதிகாரத்தைப் பிரிவு பிரிவாக வரையறுத்தன. ஈடு செய்யுங் கடமையைக் கைவிட்டன. இதனை இழப்பென்றே நாம் கருதுகின்றோம்.

கும்பினியார் 1802-இல் தாரோகா முறையைப் புகுத்தினர். அது நிலைக்கவில்லை. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குவிதி, ஊர்த் தலைவர், தாசில்தார் ஆகியோரிடம் காவலை ஒப்படைத்தது. கலெக்டரே மாஜிஸ்டிரேட்டும் ஆயினார். இதன் விளைவு யாது? வரி தண்டுபவரும், கள்வனைப் பிடிப்பவரும், முறையீட்டைக் கேட்பவரும் ஒரே அலுவலகத்தார் ஆயினர். வரி செலுத்த மாட்டாத உழவனைத் தாசில்தாரின் சேவகன் துன்புறுத்தினால், அவ்வுழவன் அத்தாசில்தாரிடமே சென்று முறையிட வேண்டியவனாயினான்.

இக்கொடுமை பிரிட்டிசு நாடாளுமன்றத்தில் எழுப்பப்பெற்ற பின்னர், 1854-இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட ஆணையம் சென்னையில் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. தமிழ் பயில்வார் அதனைச் சொல்லாராய்ச்சிக்காகவேனும் படித்தல் நன்று. துயரந்தரும் படிப்பே எனினும், நம் மொழியில் வழங்கிய ஒறுப்புச் சொற்கள் சில அதில் பதிந்துள்ளன. 'கிட்டி' என்பது ஒரு முனையில் இணைத்த இரு கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெருக்குவது. 'அனுண்டால்' என ஆங்கில எழுத்தில் வருவது 'அண்ணாந்தாள்' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபாகலாம். கழுத்தையும் காலையும் ஒரே துணியாலோ கயிற்றாலோ பிணைத்து, ஆளை வளைந்த நிலையிலேயே நிறுத்துதல் அதன் இயல்பு. வரி தண்டற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தற்கும் இவை ஒருங்கே பயன்பட்டன. கார்ல் மார்க்சு 1857-இல் நியூயார்க்கு நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையை எடுத்தாண்டு எழுதினார் என்பதும் குறிக்கத்தக்கது.

1859-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வறிக்கையின் வழியே வந்தது. காவல் வருவாய்த் துறையினின்று பிரிக்கப்பட்டுத் தனிப்படை ஆயிற்று. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு எதிராக மெய்ப்பித்தலாகாது என்ற விதி 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாய் நிலைபெற்றது. ஆயின் கலெக்டரிடம் இருந்த நடுவாண்மை அகலவில்லை. விடுதலைக்குப் பின்னர்ச் சென்னை மாகாண அரசு நீதியை நிருவாகத்தினின்று பிரிக்கலாயிற்று. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் நீதித்துறை நடுவர், நிருவாகத்துறை நடுவர் என இரு வகுப்பினரை நாடு முழுமைக்கும் வகுத்தது.

மாவட்டக் காவலில் கண்காணிப்பாளர் ஊரில் தடையாணை வேண்டின், வருவாய்த் துறையின் நிருவாக நடுவரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆணையரகத்திலோ அவ்வதிகாரம் ஆணையரிடமே தரப்படலாம். தாம்பரம் இந்நூற்றாண்டில் இரண்டாம் முறைக்கு மாறிற்று. சென்னைப் புறநகர்க் காவல் என ஓர் ஆணையரகம் தோன்றிப் பின் மாநகரக் காவலோடு இணைந்தது. 2022 சனவரி முதல் நாளில் தாம்பரம் ஆவடியோடு தனித்தனி ஆணையரகமாயிற்று. பெருகிய மக்கட்டொகைக்கு இம்மாற்றம் வேண்டப்பட்டதே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கேட்பவர்க்கும் தருபவர்க்கும் இடையே இருந்த தொலைவு குறைந்தது என்பதையும் மறைத்தலாகாது.

அத்தொலைவைப் பற்றியே 2023 மார்ச்சு 13-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இருவர் ஆயம் தீர்ப்பளித்தது. காவல் துணை ஆணையர்களை நிருவாக நடுவர்களாக்கிய 2013, 2014-ஆம் ஆண்டு அரசாணைகளை அது செல்லாதனவாக்கிற்று. நன்னடத்தைக்கு எழுதிக் கொடுத்த பிணைமுறியை மீறினார் என்று ஒருவரைச் சிறையிடும் முடிவு நீதித்துறை நடுவர்க்கே உரியது எனவும் கூறிற்று. வழக்கைத் தொடுக்கும் துறையினரே பிணை கேட்டு, அவரே அது மீறப்பட்டதென்று முடிவு செய்து, அவரே சிறைக்கு அனுப்பும் நிலை 1816-ஆம் ஆண்டுத் தாசில்தாரை நினைவூட்டுகின்றது அன்றோ?

2024 சூலை முதல் நாளில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 15-ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியையும் சிறப்பு நிருவாக நடுவராக அமர்த்த மாநில அரசுக்கு இடமளிக்கின்றது. பழைய சட்டத்தின் 21-ஆம் பிரிவில் காவல் அதிகாரியைக் குறிக்கும் இச்சொற்கள் இல்லை.