விடத் தெரிந்த பிடி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மரியெட்டான்னு ஒரு ஊர். 2019-ல அந்த ஊர் காவல் துறை ஒரு விதி கொண்டு வந்தது: புதுசா சேர்றவங்க பிரேசிலியன் ஜுஜிட்சு வகுப்புக்குக் கட்டாயம் போகணும். அதுவும் ஊர்மக்கள் காசு கட்டிப் பழகுற சாதாரண ஜிம்முக்கு.

பிறகு அந்தத் துறையே ஒரு கணக்கு வெளியிட்டது. பலப்பிரயோகம் நடந்த சம்பவங்கள்ல போலீஸ்காரர்களுக்கு ஏற்பட்ட காயம் 48 சதவீதம் குறைஞ்சிருந்தது. பயிற்சி எடுத்தவங்க பிடிச்ச ஆட்களுக்குப் பலத்த காயம் ஏற்பட்டது, மத்தவங்களோட ஒப்பிட்டா 53 சதவீதம் குறைவு. சின்ன துறை, அவங்களே எடுத்த கணக்கு. இதை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது. ஆனா பின்னாடி இருக்கிற காரணம் எனக்கு முக்கியமாப் பட்டது. அது புரிய, லாஸ் ஏஞ்சலஸ் கதை தெரியணும்.

1976 அக்டோபர் 6. அடால்ஃப் லயன்ஸ், 24 வயசு கறுப்பின இளைஞர். கார் பின்விளக்கு எரியலன்னு போலீஸ் நிறுத்துது. கொஞ்ச நேரத்துல ஒரு அதிகாரி கழுத்தை இறுக்க, அவர் மயங்கிடுறார். விழிச்சப்ப ரத்தமும் மண்ணுமா துப்புறார். கடைசியில ஒரு டிராஃபிக் சலானைக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

அந்தப் பிடிக்குத் தடை கேட்ட அவருடைய வழக்கு, 1983-ல உச்ச நீதிமன்றத்துல 5-4 என்று தோற்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், 1975-லிருந்து அந்தப் பிடிக்குப் பிறகு 16 பேர் இறந்திருக்காங்கன்னு குறிப்பிட்டார். இன்னொரு விஷயமும் சொன்னார்: கழுத்து இறுகினா உடம்பு தானாகவே திமிறும், அதை எதிர்ப்புன்னு நினைச்சு போலீஸ் இன்னும் இறுக்கலாம். எனக்கு இந்த இடம்தான் முழுக் கதையோட சாவி.

1982-லயே அந்தத் துறையில கழுத்துப் பிடிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்துடுச்சு. ஆனா அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு கைகளுக்குச் சரியாப் பழக்கல. அந்த இடத்தை லத்தி பிடிச்சுக்கிட்டதுன்னு பலர் சொல்றாங்க. 1991 மார்ச் 3 அன்று ராட்னி கிங் லத்தியால் அடிபட்டதை உலகமே வீடியோவில் பார்த்தது. சாஃப்ட்வேர்ல ஒரு வசதியைத் தூக்கிட்டு மாற்று கொடுக்காம விட்டா, யூசர் அதைவிட மோசமான வழியைக் கண்டுபிடிப்பார். அதே மாதிரிதான்.

தடை மட்டும் போதுமா? நியூயார்க் போலீஸ் 1993-லேயே கழுத்துப் பிடியைத் தடை பண்ணிடுச்சு. 2014-ல எரிக் கார்னர் அந்தப் பிடியில விழுந்து, "மூச்சு விட முடியல"ன்னு 11 தடவை சொன்னார். யாரும் கேட்கல. இறந்துட்டார்.

இப்போ ஜுஜிட்சுவுக்கு வருவோம். 1914-ல பிரேசிலுக்கு வந்த ஜப்பானியர் மிட்சுயோ மயெடாகிட்ட கார்லோஸ் கிரேசி கத்துக்கிட்டார். அந்தக் குடும்பம் வளர்த்த கலை இது. 1993 நவம்பர்ல, டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. போட்டியில ஹாய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தரையில் மடக்கி ஜெயிச்சார். குத்தே தேவைப்படாம ஒருத்தரைக் கட்டுப்படுத்த முடியும்னு நிறைய பேருக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

இந்தப் பயிற்சியில நிஜமாவே எதிர்க்கிற ஆளோட தினமும் மல்லுக்கட்டணும். நூறு தடவை ஒருத்தர் அடியில மாட்டித் தப்பிச்சவருக்குத் தெருவில் பதற்றம் குறையும். உடனே கை டேசருக்கோ லத்திக்கோ போகாது. இன்னொண்ணு, டேப். எதிராளி கையால தட்டினா அந்த நொடியே விட்டாகணும். வகுப்புல தட்டினதுக்கு அப்புறமும் இறுக்குறவரோட யாரும் பழக மாட்டாங்க.

ஆனா ஜாக்கிரதை. இதே கலையிலயும் கழுத்துப் பிடி உண்டு. ஒரு மாசம் அரைகுறையாப் பழகின போலீஸ்காரர் அதை மட்டும் எடுத்துக்கிட்டா, 1976-க்கே திரும்பிடுவோம். தெருவில் பிடிபட்டவரோட கையில விலங்கு இருக்கலாம், தட்ட முடியாது. "மூச்சு விட முடியல"ங்கிற வார்த்தைதான் அவரோட டேப்.

அதனால எந்தத் துறையாவது இந்தப் பயிற்சியைத் தொடங்கினா, எத்தனை பிடி சொல்லித் தர்றாங்கன்னு நான் கேட்க மாட்டேன். எப்போ விடணும்னு எத்தனை மணி நேரம் பழக்குறாங்க? அதைத்தான் கேட்பேன். நீங்களும் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.