மறிக்குட்டியை எப்போது கிடாய்க்கு விடலாம்?

மீள்குடியேறிய பின்னர் வாழ்வாதார உதவியாக எனக்கு இரண்டு மறிக்குட்டிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஐந்து மாதத்திலேயே சினைப்பட்டது. கெதியாகக் குட்டி கிடைக்கப்போகிறது என்று மகிழ்ந்தேன். ஈனும் நேரத்தில் குட்டி வெளியே வரவில்லை. தாயும் குட்டியும் செத்துப்போயின. கிடைத்த உதவியில் பாதி ஒரே இரவில் போய்விட்டது. ஆட்டை நம்பிக் குடும்பத்தைக் கொண்டு செல்லும் எம் பெண்களுக்கு இந்த இழப்பு நேரக்கூடாது என்பதற்காக, கால்நடை வைத்தியரிடம் கேட்டும் பட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மறிக்குட்டி ஐந்து, ஆறு மாதத்திலேயே சினைப்படலாம். ஆனால் அப்போது அதன் உடல் வளர்ந்து முடிந்திருக்காது. இடுப்பெலும்பு ஒடுங்கியிருக்கும். தின்னும் குழை அதன் வளர்ச்சிக்கும் வயிற்றுக் குட்டிக்கும் போதாது. ஈன்றாலும் பால் குறையும், குட்டி மெலியும்.

வயதும் நிறையும்: நாட்டு ஆடு என்றால் எட்டு முதல் பத்து மாதம் வரையும், ஜமுனாபாரி போன்ற பெரிய இனம் என்றால் ஒரு வயதுக்கு மேலும் பொறுக்க வேண்டும். வயதைவிட நிறையே முக்கியம். வளர்ந்த ஆட்டின் நிறையில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். தாயாடு 25 கிலோ என்றால் மறி 17 கிலோ வரட்டும். சாக்கில் இட்டுத் தொங்கு தராசில் நிறுக்கலாம்.

பிரித்து வைத்தல்: கிடாய்க்குட்டிகளை மூன்று மாதத்தில் வேறு கொட்டிலில் விடுங்கள். தகப்பன் கிடாயோடும் கூடப்பிறந்த கிடாயோடும் மறியைச் சேர விடாதீர்கள். அயலவரோடு கிடாயை மாற்றிக்கொள்ளலாம்.

வேட்கைக்கு வரும் அறிகுறிகள்: ஓயாமல் கத்தும், வாலை ஆட்டும், தீன் குறையும், பின்புறம் சிவந்து சளி போன்ற திரவம் வடியும். இது ஏறக்குறைய ஒன்றரை நாள் நீடிக்கும். தவறவிட்டால் கவலையில்லை, சுமார் 21 நாளில் மறுபடி வரும்.

காலம்: சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். விட்ட நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். ஆவணியில் விட்டால் தையில் ஈனும். அப்போது மாரி ஓயத் தொடங்கும், பச்சைக் குழையும் தாராளமாகக் கிடைக்கும்.

ஈனும் நாள்: முக்கத் தொடங்கி ஒரு மணி நேரமாகியும் குட்டி வராவிட்டால் உடனே கால்நடை வைத்தியரை அழையுங்கள். விடியட்டும் என்று நான் காத்திருந்ததுதான் பிழை. குட்டி பிறந்தவுடன் கடும்புப்பாலைக் குடிக்க விடுங்கள்.

எஞ்சிய மறியைப் பத்து மாதம் வரை பொறுத்தே கிடாய்க்கு விட்டேன். இன்று என் கொட்டிலில் நிற்கும் ஆடுகள் எல்லாம் அதன் வழி வந்தவைதான்.