காட்சிக்கு என்ன வேலை? சாகச வீடியோ கேம்களின் சவாலும் மதிப்பும்

பிரம்மாண்டக் காட்சிகளை நம்பி எடுக்கப்படும் சாகச வீடியோ கேம்களைப் பற்றி இரண்டு குறைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. பார்க்க அழகாக இருக்கின்றன, ஆடுவதற்கு ஒன்றுமில்லை என்பது ஒன்று. கொடுத்த காசுக்குச் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன என்பது இன்னொன்று. முதல் குறையைச் சண்டை எவ்வளவு கடினம் என்பதை வைத்தும், இரண்டாவதை மணிக்கணக்கை வைத்தும் அளப்பது வழக்கமாகிவிட்டது. இந்த இரண்டு அளவுகோல்களுமே பொருந்தாதவை என்பது இக்கட்டுரையின் வாதம். திரையில் தெரியும் காட்சி, ஆடுபவர் எடுக்கும் முடிவில் பங்கு பெறுகிறதா என்றுதான் கேட்க வேண்டும். பங்கு பெற்றால் பிரம்மாண்டமே சவாலாகிவிடும். பெறாத இடத்தில் எதிரிகளைக் கூட்டினாலும் நேரத்தை நீட்டினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது.

இக்கேள்வியை மண்ணரையில் நின்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கேம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சொந்தக் கருவியும் ஓய்வான மாலைப்பொழுதுகளும் உள்ள ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஊத்துக்குளி ரோட்டை ஒட்டிய மண்ணரை, தனி ஊராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சிக்குள் வந்த பகுதி. இங்கே பொழுது பனியன் கம்பெனிக் கணக்கில் ஓடுகிறது. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவாகிவிடும், சம்பளம் சனிக்கிழமை, ஞாயிறு துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாக இருக்கும். பிளேஸ்டேஷன் 5 கருவி 2021 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அதற்கென்று சோனி வெளியிட்ட பெரிய கேம்களின் விலை 4,999 ரூபாய். ஒரு டைலரின் வாரச் சம்பளத்தில் பெரும்பங்கை ஒரே கேம் விழுங்கிவிடும்.

ஆகவே அந்தக் கேம்கள் இங்கே சுற்றுவழியில்தான் வந்து சேர்கின்றன. செல்போனில் ஆடப்படுபவை ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ மாதிரியான இலவசத் துப்பாக்கிச் சண்டைகள். மணிக்கு வாடகை வாங்கும் கேம் சென்டர்களில் கால்பந்துக்கும் நேருக்கு நேர் மோதும் கேம்களுக்கும்தான் மவுசு. கதை சொல்லும் கேமில் நீளமான காட்சி ஓடும்போது வாடகையும் சேர்ந்தே ஓடும். காசு கொடுத்தவருக்கு வயிறு எரியாதா? மிச்சமிருப்பது யூடியூப். தமிழில் பேசிக்கொண்டே ஆடிக் காட்டும் சேனல்கள் வழியாக ‘காட் ஆஃப் வார்’ கதையை முதலிலிருந்து முடிவுவரை அறிந்த பலர், அதன் பட்டனை ஒருமுறைகூட அழுத்தியதில்லை.

இதை வசதியின்மையால் வந்த மாற்று ஏற்பாடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கோ இது ஒரு விமர்சனக் கருவியாகத் தெரிகிறது. பார்த்தாலே முழுதும் கிடைத்துவிடும் கேமில், ஆடுவதற்கென்று என்ன மிஞ்சுகிறது?

கேள்வி புதிதல்ல. 1983இல் அமெரிக்க ஆர்கேடுகளுக்கு ‘டிராகன்ஸ் லேர்’ வந்தது. டான் புளூத் குழுவினர் வரைந்த அசையும் சித்திரம் லேசர் தட்டிலிருந்து ஓடும். மற்ற கேம்களெல்லாம் கட்டம் கட்டமான புள்ளிகளாகத் தெரிந்த காலத்தில் இது சினிமாவாகவே தெரிந்தது. மற்ற கேம்களுக்கு 25 சென்ட் என்றால் இதற்கு 50 சென்ட். கூட்டம் தாங்காமல் சில கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பவர்களுக்கென்று கருவிக்கு மேலே இன்னொரு திரையை மாட்டினார்கள். ஆடுபவர் செய்ய வேண்டியதெல்லாம் சரியான நொடியில் சரியான திசைக்குக் கைப்பிடியைத் தள்ளுவது, அல்லது வாளுக்கான பட்டனை அழுத்துவது. தவறினால் சாவு. அது எளிதான கேமே அல்ல. பலமுறை செத்து, வரிசையை மனப்பாடம் செய்தே முடிக்க முடியும். ஆனால் அந்தச் சித்திரத்தை உற்றுப் பார்ப்பதால் பெரிதாக எதுவும் தெளிந்துவிடாது. கடினம் இருந்தது, காட்சி இருந்தது. ஒன்றுக்கு மற்றொன்று தேவைப்படவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த கேம் ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013இல் வெளியிட்ட நூலில், தோல்வியை ஆராய்ச்சியின் மையத்துக்குக் கொண்டுவந்தார். தோற்பது நமக்குப் பிடிக்காது, ஆனாலும் தோற்போம் என்று தெரிந்தே கேம்களைத் தேடிப் போகிறோம் என்பது அவர் எடுத்துக்கொண்ட முரண். தோல்வி நம் போதாமையைக் காட்டி, அதைத் தாண்டவும் அழைக்கிறது என்பது அவர் விளக்கம். அதை ஏற்றால் அடுத்த கேள்வி வருகிறது: எந்தப் போதாமை? விரலின் போதாமையா, பார்வையின் போதாமையா?

பனியன் தொழிலில் இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்தது. ஓவர்லாக்கிலோ பிளாட்லாக்கிலோ உட்கார்ந்திருக்கும் டைலருக்குக் கைவேகம் வேண்டும். பீஸ் ரேட்டில் வேகம்தான் கூலி. செக்கிங் டேபிளில் நிற்பவருக்கு வேண்டியது வேறு. துணியில் ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் ஒரு புரட்டலில் கண்ணில் பட வேண்டும். புதிதாக வந்தவரின் கண்ணும் அதே துணியைத்தான் பார்க்கிறது, ஆனால் அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. சாகசக் கேம்களின் சவாலைப் பற்றிப் பேசும்போது விமர்சகர்கள் டைலரை மட்டும் எண்ணுகிறார்கள், செக்கிங்காரரை மறந்துவிடுகிறார்கள். எதிரி எத்தனை அடியில் விழுவான், எத்தனை நொடியில் தப்ப வேண்டும் என்பவை எல்லாம் கையின் கணக்கு. இவ்வகைக் கேம்களின் பலம் கண்ணில் இருக்கிறது என்றால் அவற்றின் சவாலையும் அங்கேதான் தேட வேண்டும்.

நம் பக்கத்து மலையையே களமாகக் கொண்ட ‘அன்சார்டட்: தி லாஸ்ட் லெகசி’யை எடுத்துக்கொள்வோம். நாட்டி டாக் நிறுவனம் 2017 ஆகஸ்டில் வெளியிட்டது. இந்தியத் தந்தைக்குப் பிறந்த க்ளோயி ஃப்ரேசர், ஒடிந்த கணபதி தந்தத்தைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஹொய்சளர் இடிபாடுகளுக்கு வருகிறாள். அருவி, கோபுரம், காட்டைப் பிளந்து எழும் மாபெரும் சிலைகள் என்று ஒவ்வொரு சட்டகமும் சுவரில் மாட்டத்தக்கது. அமெரிக்காவில் இதற்கு வைக்கப்பட்ட விலை வழக்கமான 60 டாலர் அல்ல, 40 டாலர். நிறுவனமே இதைச் சிறிய படைப்பு என்று ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு கேமுக்குள்ளேயே இருவகைக் காட்சிகளும் அருகருகே உள்ளன. மலைமுகட்டில் தொற்றி ஏறும் பகுதிகளில் பிடிக்க வேண்டிய கல்விளிம்பு மட்டும் வெளிறித் தெரியும். ஆடுபவர் மலையைப் பார்ப்பதில்லை, அந்த விளிம்பைப் பார்த்துக் கைப்பிடியைத் தள்ளுகிறார். ‘ரெசிடென்ட் ஈவில் 4’இன் 2023 மறுஆக்கத்தில் ஏணிகளுக்கும் பெட்டிகளுக்கும் பூசிய மஞ்சள் பெயின்ட்டைப் பற்றி எழுந்த கேலிக்கும் இதுவே காரணம். காட்சி எவ்வளவு அடர்த்தியாகிறதோ, அதைக் கவனிக்காமலிருக்க அவ்வளவு உதவி தேவைப்படுகிறது!

‘லாஸ்ட் லெகசி’யின் நான்காம் அத்தியாயம் வேறு விதம். ஒரு கோபுரத்தில் ஏறிப் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கிறோம். திரிசூலம், வில், கோடரி என்ற மூன்று சின்னங்களுக்குரிய இடங்கள் எந்தத் திசையில் என்று தெரிகிறது. வரிசை நம் விருப்பம். ஜீப்பை எடுத்துக்கொண்டு சேற்றிலும் ஓடையிலும் வழி கண்டு போக வேண்டும். சிதறிக் கிடக்கும் ஹொய்சளர் வில்லைகளைத் தேடுவதும் விருப்பத்தைப் பொறுத்தது. இங்கே மலையைப் பார்ப்பது வேடிக்கை அல்ல, அது வேலை. சண்டை இல்லாத நேரத்திலும் இந்த அத்தியாயம் சலிக்காததன் காரணம் அதுதான். கடினத்துக்கு ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் வெளிறிய விளிம்பு வெளிறியபடிதான் இருக்கும். பள்ளத்தாக்கும் படிக்க வேண்டிய பள்ளத்தாக்காகவே இருக்கும்.

ஹொய்சளர் பெயரை எடுத்ததால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேலூர் சென்னகேசவர் கோயில் 1117ஐச் சேர்ந்தது. அதுவும் ஹளேபீடும் சோமநாதபுரமும் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இவை ஆளை அச்சுறுத்தும் உயரத்தால் பேர்பெற்றவை அல்ல. மென்மையான மாக்கல்லில் விரல்நுனி அளவுக்குச் செதுக்கிய நகையும், சுவரடியில் வரிசை வரிசையாகப் போகும் யானைகளும்தான் அவற்றின் பெருமை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாலொழிய பிடிபடாது. கேம் அந்தக் கலையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் பத்து மடங்கு பெரிதாக்கியிருக்கிறது. வரலாற்றுப் பிழை என்று கண்டிப்பது என் நோக்கமல்ல. உற்றுப் பார்க்கச் சொல்லும் ஒரு கலையை, அண்ணாந்து பார்க்கும் ஒன்றாக மாற்றியதில் ஒரு நல்ல சவாலும் கைவிட்டுப் போயிற்று என்பதே என் குறை.

அண்ணாந்து பார்ப்பதும் சவாலாக முடியும். ஃபுமிட்டோ உவேடா இயக்கத்தில் 2005இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ இதற்குச் சான்று. பதினாறு பூதங்கள், அவற்றைத் தவிர வேறு எதிரி கிடையாது. ஒவ்வொன்றும் நடமாடும் குன்று. எங்கே ரோமம் இருக்கிறது, எங்கே கல், எந்தக் காலைத் தூக்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே ஏற வேண்டும். பூதத்தின் பிரம்மாண்டத்தை நீக்கினால் புதிரும் போய்விடும். 2018 மறுஆக்கத்தில் ஓவியம் மெருகேறியபோதும் புதிர் அப்படியே நின்றது.

2024 ஆகஸ்ட் 20 அன்று வெளியாகி மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்ற சீனத்து ‘பிளாக் மித்: வுகோங்’ இடைப்பட்ட நிலையில் நிற்கிறது. கடினத்தைக் குறைக்க அதில் வழியே இல்லை. எதிரியின் தோள் எப்போது அசைகிறது என்று கவனிக்காதவர் பிழைக்க மாட்டார். அந்த அளவில் காட்சிக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஷான்சி மாகாணத்துக் கோயில்களை அச்சு அசலாகப் படமெடுத்துக் கட்டிய நிலப்பரப்பில், போகலாம் என்று தோன்றும் பாதையில் போனால் கண்ணுக்குத் தெரியாத சுவர் முட்டுகிறது. பகைவனின் உடம்பைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நிலத்தைப் படிப்பவரைத் தண்டிக்கிறது அது. இந்தக் கேமைக் கடினமானது என்று சொல்லி விமர்சனத்தை முடித்துவிட்டால் இந்தப் பிளவு கண்ணில் படாது.

இந்தியாவிலிருந்து வந்த முயற்சிகளில் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ முக்கியமானது. 2017இல் மக்களிடம் நிதி திரட்டும் முயற்சி தோற்றும் விடாமல் முடித்தார்கள். 2020இன் கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பரிந்துரையும் கிடைத்தது. ராஜஸ்தானத்து மாளிகைகள், பஹாடிச் சித்திரச் சாயல், நிழற்பாவைக் கூத்து முறையில் கதை என்று கண்ணுக்கு விருந்து. சண்டை கரடுமுரடு, சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று குறை சொன்னார்கள். எனக்கு இடறியது அந்தச் சுவரோவியங்கள். ஒன்றின் முன் நின்றால் துர்க்கையும் விஷ்ணுவும் அதன் கதையைச் சொல்லிவிடுகிறார்கள், கேட்டுவிட்டு நகர்கிறோம். ஓவியத்தில் கண்டது எதுவும் பிறகு வாளுக்கோ வழிக்கோ உதவுவதில்லை. வட்டங்களைச் சுழற்றிப் படத்தைப் பொருத்தும் மண்டலப் புதிர்கள் மட்டுமே விதிவிலக்கு, அவையும் எளியவை.

இதோடு டொரொன்டோவின் விசாய் கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வை வைத்துப் பார்க்கலாம். சாகசமும் இல்லை, சண்டையும் இல்லை. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் களம். ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. சிதைந்துபோன சமையல் குறிப்பில் விடுபட்டதை, எதிரே உள்ள பாத்திரத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்று யோசிக்க வேண்டும். 2024இல் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருது இதற்குக் கிடைத்தது. படம் எளியது, ஆனால் அதில் ஒரு கரண்டிகூடச் சும்மா கிடக்கவில்லை.

இரண்டு மறுப்புகள் எழலாம். பகலெல்லாம் செக்கிங்கில் நின்றவருக்கு ராத்திரியும் கண்வேலை எதற்கு என்பது முதலாவது. நியாயம்தான். பிரெஞ்சு அறிஞர் ரோஜே கைய்வா 1958இலேயே விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, கிறுகிறுப்பு என்று நான்காகப் பிரித்தபோது, சவால் இல்லாத இன்பத்துக்கும் இடம் வைத்தார். அருவியைப் பார்த்துக்கொண்டே போவது கிறுகிறுப்பின் பாற்பட்ட இன்பம். ஆனால் அதற்கு யூடியூப் போதும், காசும் வேண்டாம். அந்த இன்பத்தைத் தருகிறவர்கள் 4,999 ரூபாய் கேட்கும்போது, கூடுதலாக என்ன தருகிறீர்கள் என்று கேட்க மண்ணரைக்காரருக்கு உரிமை உண்டு.

கண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் பார்வையற்றோர் வெளியே நிற்க வேண்டியதுதானா என்பது இரண்டாவது, இன்னும் கனமான மறுப்பு. 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வெளியாகி, பார்வையற்றோரும் ஒலிக் குறிப்புகளைக் கொண்டு ஆடி முடிக்க வழிசெய்தது. அங்கே எதிரியின் இருப்பும் வழியும் காதுக்கு மாற்றப்பட்டன. முடிவெடுப்பது ஆடுபவரிடமே இருந்தது. ஆகவே காட்சி என்று நான் சொல்வது புலன்வழி வந்து முடிவுக்கு உதவும் செய்தியை. அது கண் வழியே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மணிக்கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரூபாய்க்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணத் தொடங்கியதால்தான், ‘அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா’ மாதிரி முதன்மைக் கதைக்கே அறுபது மணி நேரத்தை ஒட்டி எடுக்கும் கேம்கள் பெருகின. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவருக்கு அறுபது மணி நேரம் வரவு அல்ல, மாதக்கணக்கான செலவு.

கடைசியாக, யூடியூபில் பார்ப்பவர்களிடமே திரும்புவோம். மண்ணரையின் லைன் வீடுகளில் தென்மாவட்டத்தாரோடு ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் வசிக்கிறார்கள். ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இவர்களுக்குள் ஆங்கில வசனத்தை உடனே பிடித்துக்கொள்பவர்கள் சிலர்தான். 2022இல் வந்த ‘காட் ஆஃப் வார் ராக்னராக்’கில் புதிரின் முன் நின்று மூச்சுவிடுவதற்குள் கூட வருபவர் விடையைச் சொல்லிவிடுகிறார் என்று உலகெங்கும் சலித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது சவாலைக் கெடுக்கும் உதவி. தெரியாதவருக்கு அது உதவியும் அல்ல, சும்மா இரைச்சல். உதவி வாய்மொழியாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில் காட்சியைத் தெளிவாக்காமல் விட்டிருந்தால் அவருக்கு இரட்டை நட்டம். கொலோசஸில் வாளை உயர்த்தினால் ஒளி ஒரு திசையில் குவியும். அதைப் புரிந்துகொள்ள ஒடியாவோ தமிழோ ஆங்கிலமோ வேண்டியதில்லை. ஆடிக் காட்டுபவர் தவறான பக்கம் திரும்பினால், “அந்தப் பக்கம்!” என்று அவரவர் மொழியில் எல்லோருமே கத்தலாம்.